பினாங்கா, லங்காவியா? ஐந்து நாள் விடுமுறைக்கு எந்தத் தீவு?

மலேசியாவின் மேற்குக் கரையோரம், ஒன்றுக்கொன்று நூறு கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இரண்டு தீவுகள் இருக்கின்றன. இரண்டிலும் தென்னை உண்டு, மணல் உண்டு, விமான நிலையம் உண்டு. விளம்பரப் படங்களை மாற்றி ஒட்டினாலும் பலருக்குத் தெரியாது. அதனால்தான் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து டிக்கெட் போடுகிறவர்கள் கட்டணம் எதில் குறைவோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, போய் இறங்கியபின் முகம் சுளிக்கிறார்கள். பினாங்குக்குப் போனவர் கடல் கலங்கலாக இருக்கிறது என்கிறார். லங்காவிக்குப் போனவர் சாப்பாட்டில் ருசி இல்லை என்கிறார். இரண்டு பேருமே தவறான தீவில் சரியான பொருளைத் தேடியவர்கள்.

பினாங்குத் தீவு ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர். அதற்குள் எட்டு லட்சம் பேர் வாழ்கிறார்கள். அது நகரம். லங்காவியில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. 99 தீவுகள் சேர்ந்த கூட்டம் அது, நீர் வற்றும்போது தலைகாட்டும் திட்டுகளையும் சேர்த்தால் 104 என்பார்கள். அங்கே காடும் சுண்ணாம்புப் பாறையும் அலையாத்தியும்தான் பெரும்பகுதி. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

முதலில் கடல், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது

இரண்டு தீவுகளும் மலாக்கா நீரிணையின் பக்கம் இருக்கின்றன. ஆழம் குறைந்த, ஆற்று வண்டல் கலந்த நீர். மாலத்தீவுப் படங்களில் பார்க்கும் கண்ணாடி நீலம் இரண்டிலும் கிடைக்காது. லங்காவியில் பச்சை கலந்த நீலம், பினாங்கில் பழுப்பு கலந்த பச்சை. பவளப்பாறையும் தெளிந்த தண்ணீரும்தான் உங்கள் விடுமுறையின் நோக்கம் என்றால், இரண்டையும் விட்டுவிட்டுக் கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளைப் பாருங்கள். ஒரே நிபந்தனை, ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் போக வேண்டும். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கத்து விடுதிகள் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடும். அரையாண்டு விடுமுறையிலும் பொங்கலிலும் போகிறவர்களுக்கு மேற்குக் கரைதான் வழி.

பினாங்கில் கடற்கரை என்றால் பத்து ஃபெரிங்கி. ஓட்டல்கள் வரிசையாக நிற்கும், மாலையில் சாலையோரம் இரவுச் சந்தை கூடும், பாராசெயிலிங் உண்டு. குளிக்கலாமா என்றால் தயக்கத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும்: தண்ணீர் கலங்கல், சொறிமீன் (ஜெல்லி மீன்) தொல்லையும் உண்டு. மணலில் நடந்து சூரியன் விழுவதைப் பார்க்க நல்ல இடம், அவ்வளவே. தெலுக் பகாங்கில் உள்ள தேசியப் பூங்காவுக்குள் நடந்தோ படகிலோ போனால் குரங்குக் கடற்கரையும் கெராச்சுட் கடற்கரையும் கிடைக்கும். கெராச்சுட்டுக்குக் காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்க வேண்டும். போகும்போது நடந்து, திரும்பும்போது படகு பேசிக்கொள்வது நல்லது. பிற்பகலில் இடி மழை பிடித்தால் பாதை வழுக்கும்.

லங்காவியில் கடற்கரைகளுக்குள்ளேயே தேர்வு செய்ய வேண்டியிருக்கும். பந்தாய் செனாங் நீளமான மணல். கடை, உணவகம், மதுக்கூடம் எல்லாம் நடை தூரத்தில். கூடவே ஜெட் ஸ்கீ இரைச்சலும் வரும். அதற்குத் தெற்கே ஒரு சிறு முனையைத் தாண்டினால் பந்தாய் தெங்கா. அதே மணல், பாதிச் சத்தம். வடக்கே தஞ்சோங் ரூவில் நீர் வற்றும்போது மணல் திட்டுகள் வெளியே வரும், குழந்தைகள் முழங்கால் நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். ஆனால் அங்கே தங்கினால் இரவுச் சாப்பாட்டுக்குக்கூடக் கார் எடுக்க வேண்டும். முதல்முறை போகிறவர்கள் தெங்காவில் அறை எடுத்து, செனாங்குக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டு, ஒரு நாள் பகலை தஞ்சோங் ரூவில் கழிப்பது சரியாக வரும்.

சொறிமீன் இரண்டு தீவுக்கும் பொது. அதில் பெட்டி வடிவச் சொறிமீன் உயிருக்கே ஆபத்தானது. கொடுக்கு பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, தேய்க்கவும் கூடாது; தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டு அணுக்கள் அப்போதுதான் வெடிக்கும். வினிகரை அரை நிமிடம் தாராளமாக ஊற்றி, ஒட்டிய இழைகளைக் கவனமாக எடுத்துவிட்டு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு சிறு பாட்டில் வினிகர் கடையில் சில வெள்ளிதான், கடற்கரைப் பையில் கிடக்கட்டும். (மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கடைத்தெருவில் காதில் விழுந்தால் நகைக்கடை என்று நினைக்க வேண்டாம்.)

நீருக்குள் மீன் பார்க்க லங்காவியிலிருந்து பாயார் தீவுக்கு ஒரு நாள் பயணம் விற்பார்கள். முகமூடி மாட்டிப் பழகாத குழந்தைகளுக்கு நல்ல தொடக்கம். அந்தமானிலோ லட்சத்தீவிலோ முங்கியவருக்கு அது சப்பென்று இருக்கும்.

சாப்பாடு

இதில் போட்டியே இல்லை. பினாங்குக்கு விமானம் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிடத்தான் போகிறார்கள், மலேசியர்கள் உட்பட.

நாசி கண்டாரிலிருந்து தொடங்கலாம், நமக்கு உறவுக்காரச் சாப்பாடு அது. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித்தடி. தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு. இன்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து குழம்புச் சட்டிகள் இருக்கும். சோறு, ஒரு கறி அல்லது மீன், வெண்டைக்காய், பிறகு ‘குவா சம்போர்’ என்று சொன்னால் கோழி, மீன், மாடு, பருப்பு என எல்லாக் குழம்பிலும் ஒரு கரண்டி எடுத்துச் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவார்கள். ‘பாஞ்சிர்’ என்றால் வெள்ளமாக ஊற்று என்று பொருள். ருசியின் சூட்சுமம் அந்தக் கலவையில்தான் இருக்கிறது. ஒரே குழம்பு கேட்டு வாங்கினால் ஊரில் சாப்பிடும் குழம்புச் சோறு மாதிரிதான் இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் கலவைக் குழம்பைத் தவிர்த்து ‘குவா ஆயாம்’ (கோழிக் குழம்பு) மட்டும் கேளுங்கள். விலையில் கவனம் வேண்டும். தட்டைக் கண்ணால் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். பெரிய இறால், மீன் முட்டை, கணவாய் இவற்றைக் கேட்காமல் எடுத்தால் பத்து வெள்ளித் தட்டு முப்பது, நாற்பது ஆகிவிடும். விரலைக் காட்டுவதற்கு முன் ‘பெராப்பா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காம்பெல் தெருவில் உள்ள ஹமீதியா 1907 முதல் நடக்கிறது. பினாங்கு சாலைச் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியருக்கு நள்ளிரவிலும் கூட்டம் வரும்.

அசாம் லக்சா வேறு உலகம். கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, புளியும் நம் குடம்புளியின் உறவான அசாம் கெலுகோர் காய்வற்றலும் போட்ட புளிச்சாறு. அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா, நறுக்கிய காட்டு இஞ்சிப் பூ. ஒரு கரண்டியில் கரும்பாகு போலக் கறுப்பாக ஒன்று கொடுப்பார்கள். இறால் விழுது அது. மொத்தத்தையும் ஒரே முறையில் கரைத்துவிட்டால் மீன் சாற்றின் புளிப்பு அமுங்கிப்போகும். முதலில் சாறு மட்டும் ஒரு வாய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். தேங்காய்ப்பால் லக்சாவை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இந்தப் புளிப்பில் மிரள்வார்கள். ரசம் குடித்து வளர்ந்தவர்கள் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள்.

சார் குவே தியாவ் தட்டையான அரிசி நூடுல்ஸ் வறுவல். இறால், சிப்பிச் சதை, முளைப்பயறு, முட்டை, பூண்டுத் தாளில் எல்லாம் கடும் தீயில் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். நல்ல கடையை அடையாளம் காண ஒரு வழி: ஒரு நேரத்தில் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டுதான் வறுப்பார்கள். ஐந்து தட்டை ஒன்றாகப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடுவதற்குப் பதில் வெந்து நீர்விட்டுக் குழையும். வரிசை நீளமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். வேண்டாதவர்கள் மலாய் அல்லது தமிழ் முஸ்லிம் கடைகளில் சாப்பிடலாம். சிப்பி அரைவேக்காடாகத்தான் இருக்கும். வயிறு பலவீனமானவர்கள் ‘தாக் மாவ் கெராங்’ (சிப்பி வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஒரு தட்டு 8 முதல் 12 வெள்ளி.

இன்னும் எத்தனையோ. உருளை, பக்கோடா, டோஃபு, வெள்ளரி மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சாறு ஊற்றிய பாசெம்பூர். தமிழ் முஸ்லிம் கைமணத்தில் மீ கோரெங் என்னும் நூடுல்ஸ் வறுவல். பினாங்கு சாலைக்குப் பக்கத்துச் சந்தில் எதிரெதிரே இரண்டு கடைகள் போட்டி போட்டு விற்கும் செண்டோல்: பச்சைச் சேமியா போன்ற துண்டுகள், தேங்காய்ப்பால், சீவிய ஐஸ், மேலே தென்னங்கருப்பட்டிப் பாகு. ‘அப்போம்’ என்று ஒரு கடையில் எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம், நம் அப்பம்தான் பெயரோடு குடியேறியிருக்கிறது.

கடையில் நடந்துகொள்ளும் முறை தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள். கொப்பித்தியாம் என்ற தேநீர்க்கடைக்குள் ஐந்தாறு உணவு வண்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனி முதலாளி. முதலில் மேசை பிடியுங்கள், எண்ணைப் பாருங்கள், வண்டிக்குப் போய் உணவையும் மேசை எண்ணையும் சொல்லுங்கள். தட்டு வரும்போது காசு கொடுக்க வேண்டும். பானம் மட்டும் கடைக்காரருடையது, அவர் ஆள் மேசைக்கே வந்து கேட்பார். அதை வாங்காமல் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு. சில இடங்களில் அதற்கென்று சிறு தொகையும் போடுவார்கள். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாத காப்பி, ‘கூராங் மானிஸ்’ என்றால் இனிப்புக் குறைவாக, ‘கோசோங்’ என்றால் சர்க்கரையே வேண்டாம். சொல்லாவிட்டால் கெட்டிப்பால் இனிப்பு தொண்டையில் நிற்கும்.

காலைக் கடை பதினொன்றுக்கு முடிந்துவிடும், மாலைக் கடை ஆறுக்குத்தான் தொடங்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கடைக்குக் கடை வேறுபடும். எனவே ஒரே கடையை நம்பி அரை மணி நேரம் வண்டியேறிப் போகாதீர்கள், அக்கம்பக்கத்தில் இரண்டாவது கடை இருக்கிற இடமாகப் பாருங்கள். கர்னி டிரைவ் பெயர் பெற்றது, சுற்றுலாக் கூட்டமும் விலையும் அங்கே அதிகம். மாலைக்கு நியூ லேனும் சூலியா தெருவும், காலைக்கு பூலாவ் தீக்குஸ் சந்தைப் பக்கமும் மேல்.

சைவர்களுக்கும் பினாங்குதான். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மற்ற இடங்களில் ‘சாயூர்’ (காய்கறி) என்று சொன்னதை நம்பி உண்ணக்கூடாது. கீரை வதக்கலில்கூட பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். ‘தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் ஈக்கான் பிலிஸ்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது, நெத்திலி வேண்டாம் என்பது.

லங்காவியில் சாப்பாடு மோசம் என்று சொன்னால் தவறு. செனாங் சாலையில் சாப்பிட்டுவிட்டு அதுவே லங்காவிச் சாப்பாடு என்று நினைப்பதுதான் கோளாறு. அங்கே பீட்சாவும் வடஇந்தியக் கறியும் சுற்றுலா விலையில் கிடைக்கும். தீவுக்காரர்கள் மாலையில் போவது இரவுச் சந்தைக்கு, அது நாளுக்கொரு ஊரில் கூடும்: திங்கள் உலு மலாக்கா, செவ்வாய் கெடாவாங், புதன் குவா, வியாழன் செனாங்கை ஒட்டிய தெமோயோங், வெள்ளி ஆயர் ஹங்காட், சனி மறுபடி குவா, ஞாயிறு பாடாங் மாட்சிராட். ஐந்தரைக்குத் தொடங்கும், ஏழு மணிக்குள் போனால் நல்ல பண்டம் மிஞ்சியிருக்கும். மேசை நாற்காலி அரிது. சுட்ட கோழி, சாத்தே, முர்தபாக், ஆப்பம் பாலிக், இலையில் கட்டிய நாசி லெமாக் என்று நான்கைந்து பொட்டலம் வாங்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் உண்பதே வழக்கம். மதியத்துக்குச் சோற்றோடு பல கறிகள் போட்டுக்கொள்ளும் நாசி சம்போர் கடைகள், பன்னிரண்டரைக்குள் போங்கள். சுட்ட மீன் கடையில் விலைப்பலகையில் இருப்பது பெரும்பாலும் நூறு கிராமுக்கான விலை. மீனை நிறுத்து, மொத்தத் தொகையைக் கேட்டபிறகே அடுப்பில் போடச் சொல்லுங்கள். பில்லைப் பார்த்துச் சண்டை பிடிக்கும் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள்.

பார்க்க, சுற்ற

ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பரப்பு 109 ஹெக்டேர் சொச்சம், கால்நடையாகவே சுற்றிவிடலாம். மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையை மட்டும் ஒரு காலை எடுத்து நடந்து பாருங்கள். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், ஒரு தெரு தள்ளிக் குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொய்தீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இந்த நான்கையும் பார்க்க அரைமணி நடைகூட ஆகாது. தெற்கே போனால் கூ குலத்தாரின் மண்டபமான கூ கொங்சி, ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்கள், கடலுக்குள் மரக்கால் நட்டு வாழும் சியூ குலத் துறை.

நடையில் இடைஞ்சல் இரண்டு. ஒன்று வெயில்: பதினொன்றிலிருந்து நான்கு வரை உள்ளே இருக்கிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீல மாளிகை எனப்படும் சியோங் ஃபாட் ஸேயின் வீடு, சீன–மலாய்க் கலப்புப் பண்பாட்டைக் காட்டும் பெரனாக்கான் மாளிகை ஆகியவை அந்த வேளைக்கு ஏற்றவை. இன்னொன்று ஐந்தடித் தாழ்வாரம். கடைகளுக்கு முன்னால் நிழலுக்காகக் கட்டியது, இப்போது பைக்கும் அடுப்பும் அடைத்து நிற்கும். மட்டமும் கடைக்குக் கடை ஏறி இறங்கும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் வெகு சிரமம்.

பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலையும் கெக் லோக் சி பௌத்தக் கோயிலும் ஆயர் ஈத்தாமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒரே நாளில் முடியும். மலைக்கு முதலில் போங்கள். 1923-இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயிலுக்கு இப்போது புதுப் பெட்டிகள். காலையில் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். எட்டு மணிக்குள் ஏறினால் வரிசை இல்லை, மேகமும் ஏறியிருக்காது. சனி ஞாயிறு பத்து மணிக்குப் போனால் கீழ்நிலையத்திலேயே ஒரு மணி நேரம் போய்விடும். மேலே ஊரைவிட ஐந்து பாகை குளிர்ச்சி. இறங்கியபின் கோயில்: சீன அடித்தளம், தாய்லாந்து நடுப்பகுதி, பர்மிய முடி என்று மூன்று பாணியில் 1930-இல் முடிந்த கோபுரமும், 30.2 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் (கருணைத் தேவி) சிலையும் அங்கே. தைப்பூசத்தை ஒட்டிப் போகிறீர்கள் என்றால் தமிழர்கள் தண்ணீர்மலை என்றழைக்கும் பாலதண்டாயுதபாணி கோயில். 513 படிகள். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தலும் சிதறு தேங்காயும்தான்.

லங்காவியில் காண வேண்டியது நிலமே. 2007-இல் யுனெஸ்கோ புவிப்பூங்காவாக ஏற்ற தீவு அது; மாச்சின்சாங் மலையின் மணற்கல் ஐம்பது கோடி ஆண்டுக்கும் மூத்தது. அந்த மலைமேல் ஏறும் கேபிள் காரில் செங்குத்துச் சாய்வு 42 பாகை வரை போகும். உச்சி நிலையம் 708 மீட்டரில், அங்கிருந்து வளைந்து தொங்கும் 125 மீட்டர் வானப்பாலத்துக்குத் தனிச் சீட்டு. இந்தக் கேபிள் காரை எந்த நாளில் வைக்கிறீர்கள் என்பதில்தான் லங்காவித் திட்டம் பிழைப்பதும் கெடுவதும் இருக்கிறது. பலத்த காற்றிலும் இடியிலும் நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புக்கென்றும் சில நாட்கள் மூடுவார்கள். கடைசி நாளில் வைத்தால் மாற்று நாள் இராது. முதல் நாளோ இரண்டாம் நாளோ காலைத் திறப்புக்கே போய் நில்லுங்கள். பக்கத்திலேயே ஏழு சுனை அருவி இருக்கிறது. மார்ச்சில் வானம் தெளிவாக இருக்கும், அருவியோ நூலாக வடியும். செப்டம்பரில் அருவி இரைச்சல் போடும், உச்சியில் மேகம் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒருசேர வேண்டும் என்றால் நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரம்.

கிலிம் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணம் அடுத்தது. வாடகை தலைக்கல்ல, படகுக்கு. நான்கு பேராகப் போனால் கட்டுபடியாகும். இரண்டே பேர் என்றால் துறையில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம். மூன்று, நான்கு மணி நேரம் பேசுங்கள், ஒரு மணி நேரப் பயணத்தில் மீன்பண்ணை உணவகத்தைத் தவிர எதையும் பார்க்க முடியாது. நீர்மட்டம் ஏறியிருந்தால் முதலைக் குகைக்குள் படகு நுழையாது, கூரையில் இடிக்கும். அன்றைய ஏற்றவற்ற நேரத்தைப் படகோட்டியிடம் கேட்டபிறகு பணம் கொடுங்கள். கழுகுக்குக் கோழித்தோல் எறிந்து கூட்டம் சேர்ப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. வருவது பெரும்பாலும் நம்மூரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து. சத்தில்லாத தோலைத் தின்று பழகி, வேட்டையை மறக்கிறது அது. எறிய வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடலாம். தாமாகப் பறக்கும் பருந்துகளே அங்கே போதுமான அளவு உண்டு.

தாயாங் புந்திங் ஏரி, சிங்கா பெசார், பெராஸ் பாசா என்று மூன்று தீவுகளைக் காட்டும் அரை நாள் பயணம் மலிவானது. ஏரிக்கரைக் குரங்குகள் கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பிடுங்கும். உணவைத் தோள்பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுங்கள்.

போக்குவரத்து

பினாங்கில் கார் வேண்டாம். 101-ஆம் எண் பேருந்து துறைமுகத்திலிருந்து பத்து ஃபெரிங்கி வழியாக தெலுக் பகாங்குக்குப் போகும், 204 கொடிமலைக்கு; ஜார்ஜ்டவுனுக்குள் இலவசப் பேருந்து உண்டு. ஓட்டுநர் சில்லறை தரமாட்டார், ஒரு வெள்ளி நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக்கு கிராப் என்னும் வாடகைக்கார் செயலி. கார் எடுத்தால் நிறுத்த இடம் தேடியே விடுமுறை கழியும்.

லங்காவியில் வழித்தடப் பேருந்தை நம்ப முடியாது. சிறு காருக்கு நாளொன்றுக்கு 80 முதல் 150 வெள்ளி வாடகை, பள்ளி விடுமுறையில் ஏறும். நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தான், சாலையும் காலி. கிளம்பும் முன் ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். வாடகைக்குத் தருகிறவர் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். ஸ்கூட்டருக்கு இருசக்கர உரிமம் அதில் பதிந்திருக்க வேண்டும். இரவில் சாலையில் மாடுகள் படுத்திருக்கும். வண்டியை எடுக்கும்போது நாலாபக்கமும் கீறல்களை வீடியோ எடுத்து, பெட்ரோல் முள் எங்கே நின்றது என்பதையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

மூன்று, நான்கு இரவுதான் இருக்கிறது என்றால் ஒன்றை மட்டும் எடுங்கள். வண்டி ஓட்டத் தெரியாதவர், சைவர், கோயிலும் கடைத்தெருவும் பிடித்த பெற்றோர், மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டவர் இவர்களுக்குப் பினாங்கு. மழை பெய்தாலும் அங்கே செய்ய வேலை இருக்கும். லங்காவியில் மழை என்றால் அறைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், புதுமணத் தம்பதி, எதுவும் செய்யாமல் கிடக்க வேண்டும் என்று வருகிறவர்கள் லங்காவிக்குப் போகலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும், ஆச்சரியமாக, லங்காவியே மேல். எங்கும் வாசல்வரை கார் போகும், ஜார்ஜ்டவுனில் நடந்தே ஆக வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டுக்குமே நல்ல காலம். செப்டம்பர், அக்டோபர் மழை. சில ஆண்டுகளில் இந்தோனேசியக் காட்டுத்தீப் புகையும் சேரும். சீனப் புத்தாண்டு வாரத்தில் பினாங்கின் பெயர்பெற்ற வண்டிக்கடைகள் பலவும் பூட்டியிருக்கும். ரமலான் மாதப் பகலில் லங்காவியின் மலாய்க் கடைகள் மூடியிருக்கும், ஆனால் மாலை நோன்புச் சந்தை அதற்கு ஈடுகட்டும். லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. கூட்டம் எந்த நாளில் என்பதை அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2026 டிசம்பர் 31 வரை முப்பது நாள் விசா விலக்கு இருக்கிறது. மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய மின்வருகை அட்டையை (MDAC) இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி, பெரும்பாலும் ஓட்டல் முகப்பில் தனியாக வாங்குவார்கள். பிளக் மூன்று சதுரக் கால் வகை. சென்னை–பினாங்கு நேரடி விமானத்தை இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கியது. லங்காவிக்குப் பெரும்பாலோர் கோலாலம்பூரில் மாறித்தான் போகிறார்கள்.

ஆறு இரவு இருந்தால் இரண்டையும் பார்க்கலாம், லங்காவியை முதலில் வைத்து. கேபிள் காரும் படகும் வானிலையைப் பொறுத்தவை, தள்ளிப்போட நாள் வேண்டும். மேலும், பினாங்கில் மூன்று நாள் சாப்பிட்ட நாக்கோடு லங்காவிக்குப் போனால் எதுவும் பிடிக்காது. இடையே விமானம் நாற்பது நிமிடம். இரண்டு தீவுக்கும் முன்பு நேரடிப் படகு இருந்தது, பெருந்தொற்றின்போது நின்றது. பழைய பயணக் கட்டுரைகளில் இருக்கும் அந்த வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். விமானம் வேண்டாம் என்றால் லங்காவியிலிருந்து பெருநிலத்தின் குவாலா கெடாவுக்குப் படகில் ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கிருந்து அலோர் ஸ்டார், ரயிலில் பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த், மறுபடி பினாங்குக்குப் படகு. பெட்டியோடு ஒரு பகல் போய்விடும்.

1987 முதல் லங்காவி தீர்வையற்ற தீவு. மது உண்மையிலேயே மலிவு. சாக்லேட் விலையை மட்டும் ஊரில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், எல்லாமே மலிவல்ல. லங்காவியில் 48 மணி நேரமாவது தங்கியிருந்தால்தான் மதுவைத் தீர்வையின்றி வெளியே எடுத்துப்போக முடியும், ரசீதைத் தூக்கிப்போட வேண்டாம்.

பினாங்கின் கடைசி நாள் மே முதல் ஜூலைக்குள் விழுந்தால் பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் பழம். எடை போட்டு விலை. காம்பு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து, கடைக்காரரையே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், சுளை கெட்டிருந்தால் வேறு தருவார். அதன் கடும் மணத்தால் ஓட்டலுக்கோ விமானத்துக்கோ கொண்டுபோக முடியாது, நின்ற இடத்திலேயே தின்றுவிட வேண்டியதுதான். கையின் மணம் சோப்புக்குப் போகாது; காலியான ஓட்டின் குழிக்குள் தண்ணீர் ஊற்றி அதில் கழுவுவார்கள் உள்ளூர்க்காரர்கள்.